ரீவேல்யூவேஷனுக்கு முன்னால் நகலைப் படியுங்கள்

மூன்றாம் செமஸ்டரில் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் அரியர் விழுந்தது. பாஸுக்கு 45 வேண்டும், எனக்கு 41. ரீவேல்யூவேஷன், அதாவது மறுமதிப்பீடு கேட்கலாமா என்றதும் ஹாஸ்டலில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "காசுக்குப் பிடிச்ச கேடு, அடுத்த தடவை எழுதித் தூக்குடா" என்றார் ஒரு சீனியர். 2018-ல் அண்ணா பல்கலைக்கழக மறுமதிப்பீட்டில் பணம் வாங்கிக்கொண்டு மார்க் போட்டதாக லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்ததல்லவா, அதை வைத்து "யாரையாவது பிடிக்கணுமா?" என்று கேட்டவர்களும் உண்டு. நான் யாரையும் பிடிக்கவில்லை. என் விடைத்தாளின் நகலைப் பிடித்தேன்.

எங்கள் பல்கலையில் எடுத்த எடுப்பில் மறுமதிப்பீடு கேட்க முடியாது. முதலில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அப்போது பேப்பருக்கு 300 ரூபாய். நகல் வந்த பிறகு மறுமதிப்பீட்டுக்குத் தனியாக 400. இரண்டும் கல்லூரித் தேர்வுப் பிரிவு வழியாகத்தான். ரிசல்ட் வந்த கையோடு தேதி ஓட ஆரம்பித்துவிடும், நடுவில் சனி ஞாயிறு வந்தால் கேட்கவே வேண்டாம்.

நகல் வந்ததும் நான் முதலில் பார்த்தது முகப்புப் பக்கக் கட்டத்தை. கேள்வி வாரியாக உள்ளே போட்ட மார்க்கும் கட்டத்தில் ஏற்றியதும் ஒன்றா, கூட்டல் சரியா என்று சரிபார்த்தேன். அதில் பிழையில்லை. பிறகு கேள்வித்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விடையாகப் போனேன். இரண்டு மார்க் கேள்விகளில் பூஜ்யம் வாங்கியதெல்லாம் நியாயமான பூஜ்யம். சிக்கல் 13 மார்க் கேள்வி ஒன்றில் இருந்தது. ஓவர்ஹேங்கிங் பீம் (தாங்குமுனைக்கு வெளியே நீண்டிருக்கும் உத்தரம்) கணக்கு. தாங்குமுனை விசைகளும் ஷியர் ஃபோர்ஸ் கணக்கும் ஒரு பக்கத்தில். அங்கே 5 போட்டு வட்டமிட்டிருந்தார்கள். பெண்டிங் மொமென்ட் கணக்கையும் இரண்டு வரைபடங்களையும் தாளைத் திருப்பி எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தில் சிவப்பு மையின் ஒரு புள்ளிகூட இல்லை. டிக்கும் இல்லை, அடித்தலும் இல்லை.

மறுமதிப்பீட்டுக்குப் போகுமுன் அந்தப் பாட ஆசிரியர் ஒருவர் நகலைத் திருத்திப் பரிந்துரைக்க வேண்டும் என்பது விதி. பலர் இதை வெறும் கையெழுத்துச் சடங்காக முடித்துவிடுகிறார்கள். உண்மையில் இந்த இடத்தில்தான் காசு மிச்சமாகும். எங்கள் மேடம் உட்கார்ந்து ஸ்டெப் ஸ்டெப்பாகப் பார்த்தார். "கான்ட்ராஃப்ளெக்ஷர் பாயின்ட் (பீமின் வளைவு திசை மாறும் இடம்) தப்புப்பா, அதுக்கு மார்க் கேட்காத. டயக்ராமுக்குக் கண்டிப்பா வரும்" என்று சொல்லிப் படிவத்தில் எழுதிக் கொடுத்தார். அதே செமஸ்டரில் எனக்கு மார்க் குறைந்த இன்னொரு தியரி பேப்பரைக் காட்டியபோது, "இதுல ஒண்ணும் தேறாது, விட்டுடு" என்றார். விட்டுவிட்டேன். ரூம்மேட் தன் மூன்று பேப்பருக்கும் கட்டினான். இரண்டில் 'நோ சேஞ்ச்'.

உங்கள் பல்கலையில் நகல் தரும் வழக்கமே இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மாணவர் தன் விடைத்தாளைப் பார்க்கவும் நகல் பெறவும் உரிமை உண்டு என்று ஆதித்யா பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய், பக்கத்துக்கு 2 ரூபாய். ஆனால் பதில் தர அவர்களுக்கு 30 நாள் அவகாசம். அதற்குள் மறுமதிப்பீட்டுக் கடைசித் தேதி போய்விடலாம். அதனால் மனுவை ரிசல்ட் வந்த வாரமே அனுப்பிவிடுவது நல்லது.

எனக்கு 41 என்பது பாஸ் மார்க்கைத் தாண்டியது. ஆனால் அந்த ரிசல்ட் வருவதற்குள் அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டும் கடைசித் தேதி முந்திக்கொண்டது. அரியருக்கும் சேர்த்துக் கட்டித் தொலைக்க வேண்டியதாயிற்று. கட்டாமல் இருந்து, இங்கேயும் 'நோ சேஞ்ச்' என்று வந்திருந்தால் ஒரு செமஸ்டர் போயிருக்கும். கட்டிய பணம் திரும்பி வருமா என்று தேர்வுப் பிரிவில் கேட்டேன். அங்கிருந்த அண்ணன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "அதெல்லாம் வராது தம்பி" என்றார்.