அப்பாவின் கத்தரி விட்டுவைத்தவை

ஒரு ரவிக்கை வெட்டும்போது மேசைக்கு அடியில் விழும் துணித்துண்டுகளில் எதுவும் சதுரமாக இருப்பதில்லை. கழுத்துக்காக எடுத்த துணி நாக்கு வடிவில் விழும். கை இறங்கும் இடத்தில் வெட்டியது பிறையாக வளைந்திருக்கும். தோள்சரிவில் போனது நீண்டு கூர்ந்த முக்கோணமாகக் கிடக்கும். தைத்த ரவிக்கை வாடிக்கையாளருடன் போய்விடுகிறது, தையற்காரரின் வீட்டில் தங்குவது இந்த வெட்டுத்துணிதான். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்தில் மெஷின் போட்டிருந்த என் அப்பா அவற்றைக் கோணிப்பையில் அமுக்கிக் கட்டிப் பரணில் ஏற்றி வைத்திருந்தார். அவருக்குப் பின் என்னிடம் வந்த அந்த மூட்டையிலிருந்துதான் நான் இப்போது சுவரில் தொங்கவிடும் குயில்ட்டுகளை, அதாவது துண்டுத்துணிகளைச் சேர்த்து அடுக்கடுக்காக வைத்துத் தைக்கும் விரிப்புகளை, தைத்து வருகிறேன்.

குயில்ட் தைக்கக் கற்பவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது, கிடைத்த துணியை ஒரே அளவுச் சதுரங்களாகவோ பட்டைகளாகவோ நறுக்கிக்கொள்ள வேண்டும் என்பதாகும். கணக்காக நறுக்கினால் கணக்காகச் சேரும், மூலைகள் ஒன்றோடொன்று பொருந்தும், மேல்பரப்பு சுருங்காமல் படியும். ஆனால் இந்த மூட்டையில் உள்ளதை அப்படி நறுக்கினால் அப்பாவின் கத்தரி போன வழி அழிந்துவிடும். ஒவ்வொரு வளைவிலும், இன்னார் என்று எனக்குத் தெரியாத ஒரு பெண்ணின் தோளளவும், அதைப் பார்த்த மாத்திரத்தில் எவ்வளவு இறக்குவது என்று அப்பா எடுத்த முடிவும் இருக்கின்றன. ஆகவே எந்தத் துண்டையும் மறுபடி வெட்டுவதில்லை என்ற ஒரு விதியை மட்டும் வைத்துக்கொண்டேன். குயில்ட்டின் அமைப்பு, அளவு, நிறச் சேர்க்கை எல்லாம் அந்த விதிக்குக் கட்டுப்பட்டே வர வேண்டியிருக்கிறது.

இதில் நடைமுறைச் சிக்கல் பெரிது. வளைந்த ஓரம் துணியின் பாவுக்கும் ஊடைக்கும் குறுக்கே போகிறது. தையற்காரர்கள் ‘கிராஸ்’ என்று சொல்லும் அந்தப் போக்கில் துணி இழுத்த இழுப்புக்கு நீளும். இரண்டு பிறைத் துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து மெஷினில் ஓட்டினால் ஒன்று நீண்டு மற்றொன்று நெளியும். இதற்கான வழி, கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற ஒட்டுத்துணிப் போர்வையில் கிடைத்தது. அவர்கள் துண்டோடு துண்டை முதலில் இணைத்துக்கொள்வதில்லை. பழைய சேலையை அடியில் விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, துண்டுகளைச் சற்றே ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்துக்கொண்டு, கையால் ஓட்டுத்தையல் போட்டபடி நான்கு ஓரங்களையும் சுற்றி, சுற்றுச் சுற்றாக நடுவை நோக்கி வருகிறார்கள். துண்டுகளை இணைப்பதும் அடுக்குகளைச் சேர்த்துப் பிடிப்பதும் ஒரே தையலில் முடிந்துவிடுகின்றன. துண்டு எந்த வடிவில் இருந்தாலும் அடித்துணி அதைத் தாங்கிக்கொள்வதால் கிராஸ் ஓரம் நீள்வதற்கு இடமில்லை. நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த சிறு துணிகளை வைத்துத் தைத்தால்தான் அவர்கள் கணக்கில் கவந்தி முழுமை பெறும். அந்த மூலைத்துணி அவர்களுக்கே உரிய அடையாளம் என்பதால் அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

அவர்கள் துண்டின் ஓரத்தை உள்ளே மடித்துத் தைக்கிறார்கள். நான் மடிப்பதில்லை, மடித்தால் அப்பாவின் வெட்டும் உள்ளே போய்விடும். பருத்தித் துணியானால் விளிம்பிலிருந்து ஒரு நூல் அளவு, அதாவது அரைக்கால் அங்குலம், உள்ளே தள்ளி நெருக்கமாக ஒரு வரிசைத் தையல் போடுகிறேன். சாட்டினுக்கு இரண்டு வரிசை வேண்டும், இல்லாவிட்டால் பிரிந்துகொண்டே வரும். நடுவில் பஞ்சுக்குப் பதிலாக அப்பா கட்டிய எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்து வைக்கிறேன். பின்புறத்துக்கு அப்பத்தாவின் சுங்குடிச் சேலை. முடிச்சிட்டுச் சாயம் தோய்த்த அந்தச் சேலையில் முடிச்சவிழ்ந்த இடங்கள் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கின்றன; மேலிருந்து வரும் ஓட்டுத்தையல் அந்தப் புள்ளிகளுக்கிடையே புகுந்து வெளிவருவதால், என் குயில்ட்டுகளின் பின்பக்கத்தைப் பார்ப்பவர்கள் பல நேரம் அதையே முன்பக்கம் என்று எண்ணிவிடுகிறார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சியே.

குடும்ப நினைவைத் துணியில் வைப்பது பற்றிப் பேசும்போது மிசௌரி பெட்வேயைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆற்று வளைவுக்குள் ஒதுங்கியிருக்கும் ஜீஸ் பெண்ட் ஊரைச் சேர்ந்த அவர், கணவர் இறந்தபின் 1942இல் அவருடைய வேலை உடைகளைப் பிரித்து, அவர் நினைவாக ஒரு குயில்ட் தைத்தார். அவ்வூர்க் கறுப்பினப் பெண்களின் குயில்ட்டுகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, அவற்றை நவீன ஓவியங்களோடு ஒப்பிட்டுப் பேசினார்கள். எனக்கு அந்த ஒப்பீட்டைவிட, அவ்வூரின் வேலை உடைக் குயில்ட்டுகளில் பாக்கெட்டைப் பிரித்தெடுத்த இடம் மட்டும் வெளுக்காமல் அடர்நீலமாக நிற்பதுதான் முக்கியமாகப் படுகிறது. உடுத்தியவரின் முழங்கால், வியர்வை, வெயில் எல்லாம் அந்தத் துணியில் பதிந்திருக்கின்றன. என் மூட்டையில் இருப்பதோ யாரும் உடுத்தாத துணி. அதில் எந்த உடம்பின் சுவடும் இல்லை. வெட்டியவரின் கை மட்டுமே இருக்கிறது. அவர்களுடைய வழியை அப்படியே பின்பற்ற முடியாது என்பதும், என் துணி எதைச் சொல்லும் எதைச் சொல்லாது என்பதும் அங்கிருந்துதான் எனக்குத் தெளிவாயின.

மூட்டையில் ரவிக்கைத் துணிக்கு அடுத்தபடியாக இருப்பது வெல்வெட். அப்பா மெஷின் போட்டிருந்த காலத்தில், சித்திரைத் திருவிழா நெருங்கும்போது புதுமண்டபத்துத் தையற்காரர்களுக்குத் தூக்கம் இருக்காது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வேண்டுதலுக்காகத் துருத்தியில் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்குச் சல்லடம், சட்டை, உருமால் என்று சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக ஜரிகைக் கரையிட்டுத் தைத்துக் கொடுப்பார்கள். அந்த உடைகளின் வெட்டுத்துணியில் நான் செய்த குயில்ட்டில் இருப்பது ஒரே ஒரு சிவப்பு. வெல்வெட்டை ஒரு பக்கம் நீவினால் வெளிறும், எதிர்ப்பக்கம் நீவினால் கறுக்கும். ஆகவே ஒரே துணியின் துண்டுகளைத் திசை மாற்றி மாற்றி வைத்தாலே வெளிச்சமும் நிழலும் வந்துவிடுகின்றன. பார்ப்பவர் இடம் மாறும்போது வெளிச்சமாக இருந்த பிறை நிழலாகிறது. வேலை செய்வதற்கு மிகவும் பிடிவாதமான துணி இது. மெஷினின் பாதத்துக்கு அடியில் நழுவி ஓடும் என்பதால் முழுவதும் கையால்தான் தைக்க வேண்டும். முகப்பில் இஸ்திரி வைத்தால் நசுங்கி மினுக்கும் என்பதால், இன்னொரு வெல்வெட்டின் மேல் கவிழ்த்துப் போட்டுப் பின்புறமாகத் தேய்க்க வேண்டும்.

சில துண்டுகளில் அப்பா போட்ட சாக்கட்டிக் கோடுகள் இன்னும் இருக்கின்றன. கழுத்தின் நடுவைக் குறிக்கும் சிறு கீற்று, வளைவு திரும்பும் இடத்தில் ஒரு புள்ளி, ஒரு துண்டில் 14½ என்ற எண். கை பட்டாலே உதிரும் சாக்கட்டித் தூளைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல், துண்டை அடித்துணியில் பொருத்துவதற்கு முன்பே ஒவ்வொரு கோட்டின் மீதும் வெள்ளை நூலால் தைத்துவிடுகிறேன். அவர் அழுத்திப் போட்ட இடத்தில் நெருங்கிய தையல், கை தளர்ந்து இழுத்த இடத்தில் விலகிய தையல் என்று கோட்டின் போக்கிலேயே ஊசியும் போகிறது. இந்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அவர் எழுதிய எண்ணின் மேல் ஊசி போகும்போது அந்தக் கையின் வேகம் எனக்குப் பிடிபடுகிறது.

நண்பர்கள் சிலர் அப்பாவின் புகைப்படத்தைத் துணியில் அச்சிட்டு நடுவில் வைக்கலாமே என்கிறார்கள். அது அன்பினால் சொல்வது என்றாலும் எனக்கு உடன்பாடில்லை. முகம் வந்துவிட்டால் கண் அங்கேயே நின்றுவிடும், வளைவுகளை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். என் அத்தை சிவப்பு வெல்வெட்டைப் பார்த்ததும் முகத்தைத் தேடவில்லை. ஒரு பிறையின் மேல் விரலை வைத்து, “அண்ணன் கை இறக்குனா இப்படித்தான் ஒரே வெட்டுல போகும், நிறுத்தி நிறுத்தி வெட்டாது” என்றார். நான் தைப்பது சரியான இடத்தில் போய்ச் சேர்கிறது என்று நம்புவதற்கு அந்தச் சொல் எனக்குப் போதும்.

இப்போது கையில் எடுத்திருப்பது லைனிங் துணிகள் மட்டுமே கொண்ட ஒரு குயில்ட். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை என்று பட்டு ரவிக்கைகளுக்குப் பொருத்தமாக வாங்கிய மெல்லிய பருத்தி அது. ரவிக்கைக்குள்ளேயே இருந்துவிடும் துணி என்பதால் கடையில் நிறத்துக்கு மட்டுமே அதைப் பார்த்து வாங்குவார்கள். நாள்பட்டதால் சில துண்டுகள் ஊசி பட்டதும் கிழிகின்றன. அவற்றின் மேல் மெல்லிய மல் துணியைப் போர்த்தி, கீழே இருக்கும் நிறம் மங்கலாகத் தெரியும்படி தைத்துப் பார்க்கிறேன். வேட்டியின் அகலத்தில் பாதிவரை வந்திருக்கிறது. மீதிக்கு மாம்பழ மஞ்சள் போதவில்லை. யார் வீட்டிலாவது பழைய தையற்காரரின் வெட்டுத்துணி மூட்டை இருந்தால், நறுக்காமலும் நேர்செய்யாமலும் விழுந்தபடியே தருவீர்களானால் நன்றியுடன் பெற்றுக்கொள்வேன்.