கஸ்டமரி என்ற சொல்லும் சேரின் குடையும்

1979இல் நான் பத்தாம் வகுப்பில் இருந்தேன். பஸ் பயணம் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார் எங்கள் இங்கிலீஷ் சேர். காலை பஸ் பிந்தி வருவது வழமை என்று எழுத நினைத்தேன். 'யூசுவல்' எல்லோரும் எழுதும் சொல். அகராதியைப் புரட்டி, அதைவிடக் கனமாகத் தெரிந்த 'கஸ்டமரி'யை எடுத்துப் போட்டேன்.

கொப்பி திரும்பி வந்தபோது அந்தச் சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருந்தது.

"பஸ் ஒரு நாள் நேரத்துக்கு வந்துவிட்டால் யாராவது குறை சொல்வார்களா?" என்று கேட்டார் சேர்.

"இல்லை, சேர்."

"கலியாண வீட்டு வாசலில் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுக்காமல் விட்டால்?"

"சொல்வார்கள், சேர்" என்றது முழு வகுப்பும்.

"அதுதான் கஸ்டமரி. நீர் எழுதியது வெறும் யூசுவல்."

அன்றைய பாடவேளை அந்த ஒற்றைச் சொல்லோடு போனது. நகம் கடிப்பது ஒருவனுடைய பழக்கம், அதற்கு 'ஹபிச்சுவல்' இருக்கிறது. ஓயாமல் பொய் சொல்பவனுக்கும் அதே சொல்தான். கஸ்டமரி என்று சொல்ல வேண்டுமானால் பின்னால் ஓர் ஊர் நிற்க வேண்டும். 'டிரடிஷனல்' என்பதில் தலைமுறைகளின் பழமை முன்னுக்கு வரும். கஸ்டமரியில் இன்றைக்கும் நடப்பதும், நடக்காவிட்டால் கேள்வி வருவதும் முன்னுக்கு நிற்கும். 'இட் இஸ் கஸ்டமரி டு' என்று தொடங்கும் ஆங்கில வாக்கியத்தை 'செய்வது வழக்கம்' என்பதைவிட 'செய்வது முறை' என்று தமிழாக்குவதே பொருந்தும் என்றார். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது, அதைவிட நல்ல தமிழாக்கம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

பிறகு வெண்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் 'தேசவழமை' என்று எழுதினார். வீட்டில் காணிப் பேச்சு வரும்போதெல்லாம் காதில் விழும் சொல். அதை ஆங்கிலத்தில் 'கஸ்டமரி லோ' என்பார்கள் என்று அன்றுதான் அறிந்தோம். ஒல்லாந்தர் காலத்தில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி யாழ்ப்பாணத்து வழமைகளைத் திரட்டி எழுதினார். அதன் தமிழாக்கத்தை உள்ளூர்த் தலைவர்களான பன்னிரண்டு முதலியார்கள் பார்வையிட்டார்கள். 1707இல் அது தொகுப்பாயிற்று, ஆங்கிலேயர் 1806இல் அதைச் சட்டமாக ஏற்றார்கள். வழிவழியாக வந்த முதுசொம், மகளுக்குக் கொடுக்கும் சீதனம், மணவாழ்வில் சேர்த்த தேடியதேட்டம் எல்லாம் அதில் வருபவை. பங்குக் காணியை விற்பவர் மற்றப் பங்காளருக்கு முதலில் அறிவிக்க வேண்டும் என்பதும் அதிலிருந்து வந்ததே. ஊர் முறையாகச் செய்துவந்தது, நீதிமன்றம் கேட்கும் விதியாக மாறிவிட்டது.

இந்தப் பாடத்தின் அருமை எனக்கு லண்டனில்தான் விளங்கியது. சட்ட அலுவலகங்களில் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்த நாட்களில், தன் சீதனக் காணியை விற்க விரும்பிய ஓர் அம்மா வந்திருந்தார். ஊரிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதத்தில், கஸ்டமரி சட்டத்தின்படி கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும் என்றிருந்தது. என்னுடன் இருந்த இளைஞர் அதை 'வழக்கமான சட்டம்' என்று சொல்லிவிட்டார்.

"வழக்கமாக என்றால், சில வேளை இல்லாமலும் விற்கலாம்தானே, தம்பி?" என்று அம்மா கேட்டார். அவர் முகத்தில் வந்த ஆறுதலைப் பார்த்துக்கொண்டே நான் திருத்த வேண்டியிருந்தது.

"இல்லை அம்மா, இது தேசவழமைச் சட்டம்."

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. தன் பெயரில் உள்ள காணியை விற்க ஒரு பெண் கணவரின் கையெழுத்தைத் தேடிப் போக வேண்டும் என்பது அநியாயம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் அதை மென்மையாக்கிச் சொல்ல மொழிபெயர்ப்பாளனுக்கு உரிமை இல்லை.

ஆங்கிலேயரும் இந்தச் சொல்லை இப்படித்தான் சுமந்து வந்திருக்கிறார்கள். துறைமுகத்துச் சுங்கத்துக்கு 'கஸ்டம்ஸ்' என்று பெயர் வந்ததும் வழமையாக வாங்கிவந்த தீர்வை என்பதால்தான். 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டாவில், வணிகரிடம் பழைய, நேரிய வழமைப்படியே தீர்வை வாங்கலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது.

அன்றைய பாடத்தில் இன்னொன்றும் நடந்தது. கடைசி வாங்கில் இருந்த நண்பன் எழுந்து, "சேர் தன் கஸ்டமரி குடையுடன் வகுப்புக்கு வந்தார்" என்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொன்னான். வெயிலோ மழையோ, அந்தக் கறுப்புக் குடையில்லாமல் அவரை நாங்கள் கண்டதில்லை. அடி விழும் என்று பயந்தோம். சேர் சிறிது யோசித்தார். "சரி. இந்த இடத்தில் மட்டும் அது ஒரு தனி ஆளுக்குப் பொருந்தும். இன்னார் என்றால் இது இருக்கும் என்று மற்றவர்கள் எதிர்பார்க்க வேண்டும்" என்றார்.

போரால் மூடிக்கிடந்த, யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ9 பாதை 2002இல் திறந்த பின் ஊருக்குப் போனேன். சேர் வீடு மாறியிருந்தார். ஒழுங்கைக்குள் ஒவ்வொரு படலையாகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். நான்காவது வீட்டு விறாந்தையில், கதவுக்குப் பக்கத்து ஆணியில் ஒரு கறுப்புக் குடை தொங்கியது. யாரிடமும் விசாரிக்காமல் படலையைத் திறந்தேன்.