சிவப்பு குறைந்ததை நம்பிவிட்டோம்

கண் சிவப்பு குறைந்தால் நோயும் குறைகிறது என்றுதான் நினைத்தோம். அப்படி நினைத்து அம்மாவின் இடது கண்ணில் நான்கு நாட்களைத் தொலைத்தோம். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

தை மாதம், ஒரு சனிக்கிழமை மாலை. அம்மா விதைநெல் தூற்றிக்கொண்டிருந்தபோது கருக்காய் (மணி பிடிக்காத நெல்) ஒன்று கண்ணில் அடித்துவிட்டது. மறுநாள் காலை கண் செக்கச்செவேல் என்று இருந்தது. பக்கத்து வீட்டு அத்தை தாய்ப்பால் விடலாம் என்றார். வேண்டாம் என்று தடுத்துவிட்டேன். ஆனால் தம்பியை மெடிக்கலுக்கு அனுப்பியது நான்தான். "கண் சிவந்திருக்கு" என்றதுமே கடைக்காரர் ஒரு சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்தார். டாக்டர் சீட்டு கேட்கவில்லை, கண்ணில் என்ன பட்டது என்றும் கேட்கவில்லை. அன்று இரவே சிவப்பும் வலியும் பாதியாகிவிட்டன. திங்கட்கிழமை அம்மா எழுந்து சமையலே செய்தார். செவ்வாய் காலையில் பார்த்தால், கருவிழியில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

பக்கத்து ஊர் கண் மருத்துவமனைக்கு ஓடினோம். சீட்டு போட்டுவிட்டு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்த பிறகு, கவுண்டரில் இருந்தவர், "கருவிழி டாக்டர் வியாழக்கிழமைதான் வருவாங்க, அன்னிக்கு வாங்க" என்றார். சீட்டு போடும்போதே சொல்லியிருக்கலாம். உள்ளே இருந்த வேறு டாக்டரிடமாவது காட்டுங்கள் என்று கெஞ்சினேன், விடவில்லை. திரும்பி வந்துவிட்டோம். வந்திருக்கவே கூடாது. கருவிழியில் வெள்ளை தெரிந்தால் அன்றைக்கே பார்த்தாக வேண்டும். "கருவிழியில புண்ணு, இன்னைக்கே பாக்கணும்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்படியும் ஆகாது என்றால் அங்கிருந்தே பெரிய ஊருக்குப் பஸ் ஏறிவிடுங்கள்.

புதன்கிழமை நாங்கள் பெரிய மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்போது குருணை மிளகாகியிருந்தது. கருவிழிக்குப் பின்னால் அடியில் சீழ் தேங்கி நின்றது. கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டினால் மட்டும் அம்மாவுக்குத் தெரிந்தது.

டாக்டர் முதலில் கேட்டது, "என்ன சொட்டு போட்டீங்க? பாட்டில் இருக்கா?" அதைத்தான் செவ்வாய்க்கிழமை கோபத்தில் தூக்கி எறிந்திருந்தேன். தம்பிக்கு போன் போட்டேன். குப்பைமேட்டில் தேடி எடுத்து வாட்ஸப்பில் படம் அனுப்பினான். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் ஒரு ஆன்டிபயாட்டிக்கும் கலந்த மருந்து. டாக்டர் படத்தைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார்.

பிறகுதான் எல்லாம் புரிந்தது. கருவிழியின் தடிமன் அரை மில்லிமீட்டர் சொச்சம்தான். மேல்படலம் முழுசாக இருக்கும்வரை பெரும்பாலான பாக்டீரியாக்களால் உள்ளே போக முடியாது. கண்ணீரும் இமையும் கழுவித் தள்ளிவிடும். கீறல் விழுந்தால் அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டு உள்ளே இறங்கிப் பெருகும். அவற்றின் நஞ்சு ஒரு பக்கம் திசுவை அரிக்க, அவற்றை அழிக்க வரும் நம் வெள்ளை அணுக்கள் விடும் நொதிகளும் கருவிழியையே கரைக்கும். கிருமி செத்த பிறகும் தழும்பு நிற்கும். பூ விழுந்துவிட்டது என்று ஊரில் சொல்வது அதைத்தான். சிவப்பும் வலியும் உடம்பு எதிர்த்துப் போராடுவதன் அடையாளம். ஸ்டீராய்டு அந்தப் போராட்டத்தை அடக்கியது, கிருமி தன் பாட்டுக்குப் பெருகியது. பூஞ்சைப் புண்ணாக இருந்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும். ஆன்டிபயாட்டிக்கை 48 மணி நேரம் போட்ட பிறகே ஸ்டீராய்டு சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2012-இல் வெளிவந்தது. 500 நோயாளிகள், பெரும்பாலும் அரவிந்த் கண் மருத்துவமனைகளில். அதிலும்கூட ஸ்டீராய்டு போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் மூன்றாம் மாதப் பார்வையில் மொத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அந்த மருந்தைத்தான் டாக்டர் சீட்டில்லாமல் கொடுக்கிறார்கள்.

என்ன கிருமி என்று பார்க்கப் புண்ணைக் கொஞ்சம் சுரண்டி எடுக்க வேண்டும் என்றதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். மரத்துப்போகச் சொட்டு விட்டுத்தான் சுரண்டுகிறார்கள், வலி இல்லை. நெல் பட்டதால் பூஞ்சைக்கும் சேர்த்துப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்திலேயே ஸ்லைடில் ஊதா நிறத்தில் ஜோடி ஜோடியாகக் கிருமிகள் தெரிந்தன. நிமோகாக்கஸாக இருக்கும் என்றார் டாக்டர். நிமோனியாவைக் கொண்டுவரும் அதே பாக்டீரியா. ஆனால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில் ஒன்றும் வளரவில்லை. மெடிக்கல் மருந்தில் இருந்த ஆன்டிபயாட்டிக்தான் காரணமாக இருக்கலாம் என்றார்கள். சுரண்டி எடுக்கும் முன் கண்டதையும் கண்ணில் விடாதீர்கள் என்று சொல்வது இதற்காகவும்தான்.

அப்புறம் டாக்டர், "கண்ணுல தண்ணி எவ்வளவு நாளா வடியுது?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அம்மாவின் முந்தானை நுனி எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும், பல வருடங்களாக. வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டோம். மூக்கோரம் விரலால் அழுத்தினார். கண் ஓரத்தில் சீழ் பிதுங்கி வந்தது. கண் ஓரத்துக் கண்ணீர்ப் பையிலிருந்து மூக்குக்குப் போகும் வழி அடைத்து, கிருமி அந்தப் பையிலேயே குடியிருந்திருக்கிறது. கருக்காய் வழியைத் திறந்துவிட்டது, அவ்வளவுதான். அந்தச் சீழைக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள், அதில் நிமோகாக்கஸ் வளர்ந்தது! எந்த மருந்து கேட்கும் என்பதும் அதிலேயே தெரிந்துவிட்டது. அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

அட்மிட் செய்தார்கள். ஊசி மருந்துத் தூளைக் கரைத்து அங்கேயே தயாரித்த செஃபாசோலின் என்ற ஆன்டிபயாட்டிக் சொட்டு, மணிக்கு ஒரு தரம், இரவு பகல் பாராமல் இரண்டு நாள். கண் எரிகிறது என்று அம்மா அழுதார். போனில் 24 அலாரம் வைத்தேன். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் விடுங்கள். இல்லையென்றால் இரண்டாவது முதலாவதைக் கழுவிவிடும். இந்த மருந்து ஃப்ரிட்ஜில்தான் இருக்க வேண்டும், சில நாள்தான் தாங்கும். வீட்டுக்குக் கொண்டுபோக ஐஸ் போட்ட பிளாஸ்க் வாங்கினோம். மூன்றாம் நாள் புண்ணின் ஓரம் மழுங்கியது, சீழ் இறங்கியது.

புண் ஆறிய பிறகு, ஆறாம் வாரத்தில் கண்ணீர்ப் பைக்கு ஆபரேஷன் முடிந்தது. தழும்பு நடுவில் இல்லாமல் சற்று ஓரமாக அமைந்துவிட்டது. போன வாரம் அம்மா அந்தக் கண்ணால் 6/18 வரிசை வரை படித்தார், அதாவது நல்ல கண் 18 மீட்டரில் படிப்பதை 6 மீட்டரில் படித்தார். முந்தானை நுனி காய்ந்திருக்கிறது. அடுத்த செக்கப் பங்குனியில். தம்பி குப்பையில் எடுத்த பாட்டிலையும் ஃபைலோடு வைத்திருக்கிறேன்.