மனரம்மியம்: ஒரு வார நாட்குறிப்பு

மார்ச் 3
பிலிப்பியர் 4:11. "மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்." மனரம்மியம் என்றால் இருக்கிற நிலையில் மனநிறைவு. இதில் நின்று பார்க்க வேண்டியது கடைசிச் சொல். பிறவிக் குணமல்ல, ஒரு ராத்திரி ஜெபத்தில் வந்ததுமல்ல, படிந்து வந்த பாடம். எழுதிய பவுல் அப்போது காவலில் இருந்தார். கிரேக்கத்தில் மனரம்மியத்துக்கான சொல் 'அவுத்தார்க்கேஸ்'. ஒன்றையும் சாராமல் தன்னிலேயே நிறைந்தவனுக்கு ஸ்தோயிக்கர் என்ற கிரேக்கத் தத்துவஞானிகள் வழங்கியது. பவுல் இரண்டே வசனம் தள்ளி, "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே" என்று அதன் அஸ்திவாரத்தையே மாற்றிவிடுகிறார்.

மார்ச் 4
அந்த 13ஆம் வசனத்தைப் பரீட்சைக்கும் பந்தயத்துக்கும் வாக்குத்தத்தமாக எடுப்பவர்கள் 12ஐத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 13இல் செய்யப் பெலனுண்டு என்கிற "எல்லாவற்றையும்" என்பது 12இல் உள்ள பட்டினி, திருப்தி, குறைவு, பரிபூரணம். வாழ்ந்திருக்கவும், அதாவது நிறைவில் இருக்கவும், கற்கத்தான் வேண்டும். கை நிறைந்த மாதத்தில் ஜெபம் சுருங்குவதைக் கவனித்தால் புரியும்.

மார்ச் 6
பயிற்சி, இரவில் பத்து நிமிடம். குறையை ஒரே வரியில், பெயர் சொல்லி எழுதவும். "எல்லாம் கஷ்டம்" என்றல்ல. "வேலைக்குப் பதில் வரவில்லை" என்று. அதன் கீழே விண்ணப்பம், அதற்கும் கீழே அன்றைய ஸ்தோத்திரம் ஒன்று. வரிசையை மாற்றி ஸ்தோத்திரத்தில் தொடங்கினால் பலருக்குக் குறை உள்ளே அமுங்கி, மூன்றாம் நாள் எரிச்சலாக வெளியே வரும். சங்கீதம் 13ஐப் பாருங்கள்: முதல் இரண்டு வசனத்தில் நான்கு "எதுவரைக்கும்", பாட்டு வருவது ஆறாம் வசனத்தில்தான்.

இன்னொரு பிசகு: "அவர்களைவிட நமக்குப் பரவாயில்லை." கேட்க நன்றி மாதிரி இருக்கும். லூக்கா 18:11இல், மற்றவர்களைப்போல நான் இல்லையே என்று பரிசேயன் செய்த ஜெபமும் இதேதான்.

மார்ச் 7
எபிரெயர் 13:5. "இருக்கிறவைகள் போதும்" என்பதற்குக் காரணம் அதே வசனத்தில்: "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை." முதல் பாதியை மட்டும் ஏழைக்குப் பிரசங்கிப்பது அநியாயம்.

மார்ச் 9
யாத்திராகமம் 16. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குத் தேவன் தந்த உணவு மன்னா; தலைக்கு ஒரு ஓமர் என்ற அளவு. காலைவரை வைத்ததில் பூச்சி, நாற்றம். ஆனால் ஆறாம் நாள் இரண்டு ஓமர் சேர்த்தார்கள், கெடவில்லை. ஆக, சேமிப்பே அவிசுவாசம் என்று இதிலிருந்து சொல்ல முடியாது. தேவன் வைக்கச் சொன்னது ஒரு நாளைக்கு, சொல்லாமல் அவர்கள் வைத்தது பயத்தினால்.

மார்ச் 10
மனரம்மியம் என்றால் கேட்காமலிருப்பதல்ல. தன் மாம்சத்திலிருந்த முள்ளை, அதாவது தன்னை வாட்டிய ஒரு உபத்திரவத்தை, நீக்கும்படி பவுல் மூன்று தரம் கேட்டார் (2 கொரிந்தியர் 12). "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் அதற்குப் பிறகு வந்தது. அடிமைக்கும், விடுதலையாகக் கூடுமானால் அதை நாடு என்றே எழுதினார் (1 கொரிந்தியர் 7:21). பிலிப்பி சபையிடமிருந்து எப்பாப்பிரோதீத்து கொண்டுவந்த காணிக்கையையும் திருப்பி அனுப்பவில்லை.