முதல் எழுத்து வருகிறது, அடுத்தது வரவில்லை

சொந்தமாக ஒரு குட்டி ஓ.எஸ். எழுதிப் பார்க்கிற பலரும் வந்து முட்டி நிற்கிற இடம் இது. கீபோர்டு இன்டரப்ட் ஹேண்ட்லர் (கீ அழுத்தியதும் சி.பி.யூ. தன் வேலையை நிறுத்திவிட்டு ஓட்டும் கோடு) எழுதியாயிற்று, முதல் கீயை அழுத்தினால் எழுத்து வருகிறது, அப்புறம் ஒன்றுமே இல்லை. தங்கச்சிமடத்துத் தம்பி ஒருவன் போன வாரம் "அண்ணே, மெஷின் ஹேங் ஆயிருச்சா?" என்று கேட்டான். ஆகவில்லை. டைமரில் ஓடும் கடிகாரம் திரை மூலையில் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு. கீயின் எண் வந்து சேரும் ஹெக்ஸ் (பதினாறடிமான) 60 போர்ட்டில் காத்திருக்கும் பைட்டை எடுக்காமல் விட்டால் கீபோர்டு கன்ட்ரோலர் அடுத்ததைத் தராது. அல்லது வேலை முடிந்தது என்று, இன்டரப்டுகளை வரிசைப்படுத்தி அனுப்பும் 8259 சிப்புக்குச் சொல்லும் ஈ.ஓ.ஐ. (எண்ட் ஆஃப் இன்டரப்ட்) போகவில்லை, அதாவது ஹெக்ஸ் 20 போர்ட்டில் ஹெக்ஸ் 20 எழுதப்படவில்லை. கீபோர்டின் ஐ.ஆர்.க்யூ., அதாவது இன்டரப்ட் லைன் எண், 1. டைமர் 0, அதற்கு முன்னுரிமை அதிகம், அதனால் அது மட்டும் தப்பித்து ஓடும். எது காரணம் என்று பிரிக்க சீரியல் போர்ட் இன்டரப்டைப் பாருங்கள். அது 4, முன்னுரிமையில் கீபோர்டுக்குக் கீழே. அதுவும் நின்றிருந்தால் ஈ.ஓ.ஐ.தான்.

தம்பியிடம் அதுவும் நின்றிருந்தது. ஆனால் கோடில் ஈ.ஓ.ஐ. இருந்தது! 'ஏ' கீயை அழுத்தினால் 30 வரும், விட்டால் 128 கூடி 158 வரும். விட்ட கோடு தேவையில்லை என்று அவன் நேரே ஹேண்ட்லரை முடித்துத் திரும்பும் ஐரெட் கட்டளைக்குத் தாவியிருந்தான், வழியில் இருந்த ஈ.ஓ.ஐ. விடுபட்டுப்போனது. விரலை எடுத்த நொடியில் கீபோர்டு அடைபட்டுவிட்டது. எந்த வழியாக வெளியேறினாலும் ஈ.ஓ.ஐ. வழியாகத்தான் போக வேண்டும், ரிஜிஸ்டர்களைத் திரும்ப வைப்பதும் அப்படியே.

ஹேண்ட்லருக்குள் திரையில் எழுதுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். பைட்டை எடு, ரிங் பஃபரில் (வட்டமாகச் சுற்றி நிரப்பும் தற்காலிக இடம்) போடு, வெளியே வா, மற்றதை மெயின் லூப் பார்த்துக்கொள்ளட்டும். கம்ப்யூட்டரைப் போல நடிக்கும் மென்பொருளான கியூஎமுவில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். எங்கள் ராமநாதபுரம் கடற்கரையின் உப்புக்காற்றில் கிடந்த பழைய பி.எஸ்.2 கீபோர்டைச் செருகிப் பாருங்கள், ஒரு பட்டன் ஒட்டிக்கொண்டு 30, 30, 30 என்று கொட்டும், 158 வரவே வராது. பஃபர் நிறைந்தால் என்ன செய்வது என்று அப்போதுதான் யோசிப்போம். சரி, புதிதாக வருவதை விட்டுவிடுங்கள். பி.சி.யிலேயே வரும் பயாஸும் அப்படித்தான்: 16 இடம் வைத்து 15 கீ வரை வாங்கிக்கொள்ளும், அதற்குமேல் பீப் அடிக்கும்.