முயலுக்குப் போட்டி பசுமாடும் பிள்ளையாரும்

முயல் விற்பவர் அட்டைப்பெட்டியில் நாலு ஓட்டை போட்டுக் கையில் கொடுக்கும்போதே ஒரு மந்திரத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்: “கேரட் போடுங்க, கோஸ் போடுங்க, ராத்திரி ஊறவச்ச கொண்டக்கடல ஒரு கை போடுங்க சார், ஜம்முனு வளரும்.” ஒரே மூச்சில் மூன்று வில்லங்கம். கேரட்டில் சர்க்கரை அதிகம். கோஸ் அளவு மீறினால் வயிற்றில் வாயு கட்டும். கொண்டைக்கடலை, மூன்று மாதத்தில் இரண்டு கிலோ ஏற்றிக் கறிக்கு அனுப்பவேண்டிய பண்ணை முயலின் கணக்கு. ஹாலில் சோபாவுக்கு அடியில் எட்டு வருஷம் குடியிருக்கப்போகிற முயலுக்கு அது சரிப்படாது.

அதற்கு வேண்டியது புல். சாப்பாட்டில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பச்சைப் புல்லாகவோ உலர்ந்த புல்லாகவோ இருக்கவேண்டும். முயலின் பல் சாகும்வரை வளரும். முன்பல் மட்டுமே ஆண்டுக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல். மணிக்கணக்காகப் புல்லை அரைத்தால்தான் அது தேயும். குடலும் நீள நார் உள்ளே வந்துகொண்டிருந்தால்தான் ஓடும். மாவுச்சத்து அதிகமாகப் போனால் பெருங்குடல் தொடங்கும் பையில் கெட்ட கிருமிகள் பெருகிவிடும். வாந்தி எடுத்துத் தப்பிக்கலாம் என்றால், முயலின் உடம்பில் அந்த வசதியே கிடையாது.

இது தெரிந்த நாளில் வீட்டுப் பிள்ளைகள் நேராகச் செல்லப்பிராணிக் கடைக்குப் போய் டிமோத்தி ஹே ஒரு பொட்டலம் வாங்கி வருவார்கள். நல்ல பொருள்தான், குறை சொல்வதற்கில்லை. குளிர்நாட்டுப் புல், நம் சமவெளி வெயிலில் விளையாது, கப்பலேறி வருகிறது. அதனால் கிலோ பல நூறு ரூபாய், சில கடைகளில் ஆயிரத்தைத் தொடும். பில்லைப் பார்க்கும் அப்பாவின் முகத்தைத்தான் பார்க்கமுடியாது. “காஞ்ச புல்லு, கிலோ எண்ணூறு. நாம திங்கிற பொன்னி அரிசியே அறுபது ரூபாதான்டா.” அடுத்த நாளே ஊரிலிருந்து ஒரு கட்டு வைக்கோல் வரவழைப்பார். வைக்கோலில் சிலிக்கா அதிகம், சத்து சொற்பம். கூண்டில் படுக்கையாக விரிக்கலாம், படுத்துக்கொண்டே முயல் நாலு தாள் கடித்தாலும் கெடுதல் இல்லை. சாப்பாடே அதுதான் என்றால் இளைத்துவிடும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டால் பயம் தெளியும். இரண்டு கிலோ எடையுள்ள முயல் ஒரு நாளைக்கு ஈரப்பதம் நீக்கிய கணக்கில் 80 முதல் 100 கிராம் தின்னும். பச்சைப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். ஆகவே பச்சையாகக் கொடுத்தால் தினம் அரைக் கிலோ, மாதம் 15 கிலோ. உலர்த்திக் கொடுத்தால் மாதம் மூன்று கிலோ போதும். அந்த 15 கிலோ பச்சைப் புல், ஊருக்கு ஊர் கறவை மாட்டுக்காக ஏற்கெனவே விளைந்துகொண்டுதான் இருக்கிறது. பால்காரரிடம் கேட்கத்தான் கூச்சம்.

“அண்ணே, கோ-4 புல்லு கிடைக்குமா?”

“கிடைக்குமே சார். எத்தன மாடு?”

“மாடு இல்லண்ணே. ஒரு முயல்.”

இந்த இடத்தில் அவர் சிரிப்பதைப் பொறுத்துக்கொள்ளவேண்டும். அரைக் கிலோவெல்லாம் அவருக்குத் தராசிலேயே நிற்காது. கட்டாகத்தான் தருவார், கிலோ மூன்று நான்கு ரூபாய்க் கணக்கில் 15 கிலோ கட்டு ஐம்பது அறுபதில் முடிந்துவிடும். கோ-4 என்பது கம்பும் நேப்பியரும் சேர்ந்த ஒட்டுப்புல். நட்ட 75 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒருமுறை என்பது மாட்டுக்கான கணக்கு. முயலுக்கு, அறுத்த அடியிலிருந்து மறுதாம்பு துளிர்த்து 30, 35 நாளில், இடுப்பளவு உயரத்தில் அறுத்தது நல்லது. ஆளுயரம் போனதில் தண்டு கரும்பு மாதிரி ஆகிவிடும். முயல் இலையை உருவிவிட்டுத் தண்டைக் கூண்டு மூலையில் அடுக்கிவைக்கும். இலையில் சுணை இருக்கும் என்பதால் முழுக்கைச் சட்டையோடு போவது உங்கள் நன்மைக்கு. தென்னந்தோப்பு வைத்திருப்பவர் தெரிந்திருந்தால் கினியா புல் கேளுங்கள். நிழலில் வரும், தண்டு மெல்லிசு, உலர்த்தவும் சுலபம். வானம் பார்த்த பூமியென்றால் கொழுக்கட்டைப் புல்.

பால்காரரிடம் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு. கடைசியாக யூரியா எப்போது போட்டார், மருந்து ஏதும் அடித்தாரா. யூரியா போட்ட கையோடு அறுத்த புல்லில் நைட்ரேட் ஏறியிருக்கும். இரண்டு மூன்று வாரம் போனது என்றால் கவலையில்லை. இன்னொன்று, அவர் பாசமாகச் சாஃப் கட்டரில் வெட்டித் தர முன்வருவார். வேண்டாம் என்று சொல்லுங்கள். பொடிப்பொடியாக நறுக்கிய பச்சைப் புல்லைச் சாக்கில் திணித்தால் சில மணி நேரத்தில் உள்ளே கைவைக்க முடியாத அளவுக்குச் சூடேறும். அப்படிப் புளித்த புல்லைத் தின்ற முயலின் வயிறு மத்தளமாகிவிடும். ‘ஈரப் புல் ஆகாது’ என்று பெரியவர்கள் சொல்வதும் இதைப் பார்த்துத்தான். கழுவி உதறிய ஈரம் ஒன்றும் செய்யாது, குவித்துவைத்த ஈரம்தான் வினை.

உடனே தேவைப்படாத புல்லை மாடியில் உலர்த்திவிடுங்கள். இங்கேதான் வடாம் போடும் மாமியோடு எல்லைத் தகராறு தொடங்கும். நல்ல வேளையாக முயல் புல்லுக்கு நேர் வெயில் தேவையில்லை. பச்சை வெளுத்து சத்தும் போய்விடும். தண்ணீர்த்தொட்டி நிழலோ, பழைய பருத்திப் புடவை கட்டிய பந்தலோ போதும். வெயிலை மாமிக்கே விட்டுக்கொடுங்கள். பனி ஈரம் காய்ந்த பிறகு அறுத்த புல்லை மெல்லிசாகப் பரப்பி, காலை மாலை புரட்டிவிட்டால் கோடையில் இரண்டு மூன்று நாளில் உலர்ந்துவிடும். தடித்த தண்டை உலக்கையால் தட்டிப் பிளந்துவிடவேண்டும். வெளியே சருகாகி, கணுவுக்குள் ஈரம் நிற்பதுதான் பிற்பாடு பூஞ்சணம் பிடிக்கக் காரணம்.

உலர்ந்ததா என்று பார்க்க ஓர் எளிய சோதனை. நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் ஒரு கைப்பிடி புல்லை வெட்டிப் போட்டு, ஒரு ஸ்பூன் பொடி உப்புத் தூவி, மூடி இரண்டு மூன்று நிமிடம் குலுக்குங்கள். உப்பு உதிரியாகவே இருந்தால் கட்டிவைக்கலாம். கட்டியாகி ஒட்டினால் இன்னும் ஒரு நாள் மாடியில் கிடக்கட்டும். ஐந்து கிலோ பச்சைக்கு ஒரு கிலோ உலர்புல் தேறும். சரியாக உலர்ந்த புல் தேயிலை மாதிரி மணக்கும். முகர்ந்ததும் தும்மல் வந்தால் தொட்டிச் செடிக்கு மூடாக்காகப் போட்டுவிடுங்கள்.

நகரத்தில் மாடே இல்லை என்பவர்களுக்கு அடுத்த வழி பிள்ளையார். கோயில் வாசலில் அருகம்புல் கட்டு பத்து, இருபது ரூபாய்க்குக் கிடைக்கிறது. முயலுக்கு இதைவிடப் பிடித்த புல் அரிது. வாடிக்கையாக நாலு கட்டு வாங்குகிறவரைப் பூக்கார அக்கா பெரிய பக்தர் என்று நினைத்துக்கொள்வார். “இன்னிக்கு சங்கடஹர சதுர்த்திகூட இல்லியே சாமி?” என்பார். மாலையாகக் கட்டியதை வாங்கினால் நாரை அறுத்து எடுத்துவிடவேண்டும். முயல் நாரையும் விழுங்கும். வேர் மண்ணை அலசுங்கள். தெருவோரத்தில் நீங்களே பறிக்கும் எண்ணம் இருந்தால், அங்கே காலையில் யார் யார் காலைத் தூக்கினார்கள் என்று யோசியுங்கள். நாய்க் கழிவு பட்ட புல்லில் நாடாப்புழு முட்டை இருக்கலாம். விநாயகர் சதுர்த்தி வாரத்தில் விலை எகிறும், அது போகட்டும். ஆனால் அன்றைக்கு அருகம்புல்லோடு எருக்கம்பூ மாலையும் அதே பையில் வீட்டுக்கு வரும். எருக்கு விஷம். பூ, இலை, பால் எதுவும் முயல் வாயில் படக்கூடாது. பூஜைப் பூவில் அரளி இருந்தால் அதற்கும் இதே தடை.

அமாவாசையன்று போட்டி பசுமாட்டோடு. அகத்திக்கீரைக் கட்டு எல்லாம் கோமாதாவுக்குப் போகும்; மறுநாள் மிஞ்சியதைக் கடைக்காரம்மா அரை விலைக்குத் தருவார். வாங்கலாம், ஆனால் அளவு முக்கியம். அகத்தி, முருங்கை, குதிரைமசால் மூன்றிலும் சுண்ணாம்புச்சத்து அதிகம். முயலின் குடல் கிடைக்கிற சுண்ணாம்பையெல்லாம் உறிஞ்சி, மிச்சத்தைச் சிறுநீரில் தள்ளும். தினம் கட்டுக்கட்டாகக் கொடுத்தால் மூத்திரம் சுண்ணாம்புக் கரைசலாகி, பையில் வண்டல் படியும். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்குத் தாராளமாகவும், வளர்ந்ததற்கு வாரம் இரண்டு தடவை ஒரு கொத்தும் கொடுக்கலாம். இடையில் ஒரு நாள் சிறுநீர் செம்மண் நிறத்தில் போய் வீடே அலறும். பெரும்பாலும் அது தின்ற இலையின் சாயம்தான். அடுத்த நாளும் அப்படியே இருந்தாலோ, முக்கினாலோ டாக்டர்.

பட்டுப்புழு வளர்க்கும் ஊர்ப்பக்கம், கிருஷ்ணகிரி, தர்மபுரி, உடுமலை மாதிரி, சொந்தம் இருந்தால் மல்பெரி இலை கேளுங்கள். முயல் விழுந்து விழுந்து தின்னும். கண்ட மருந்தை அடித்தால் புழுவே செத்துவிடும் என்பதால் அங்கே இலையில் மருந்து அடிக்க யாருக்கும் பயம். ஒரு குச்சியை ஒடித்து நட்டால் உங்கள் வீட்டிலும் வரும். இதிலும் சுண்ணாம்பு உண்டு, ஒரு கைப்பிடி போதும்.

காய்கறிச் சந்தையில் கடை கட்டும் நேரத்துக்குப் போனால் முள்ளங்கி இலை, கொத்தமல்லித் தண்டு, காலிஃபிளவர் இலை எல்லாம் சும்மாவே கிடைக்கும். காலிஃபிளவர் இலை பூச்சிமருந்தில் குளித்து வளர்ந்தது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தாலும் முழுக்கப் போகாது, அதனால் அதை விட்டுவிடுவதே மேல். அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை, பாலக் நான்கிலும் ஆக்சலேட் உண்டு. ஒரே கீரையைத் தினம் போடாமல் புதினா, கொத்தமல்லியோடு மாற்றி மாற்றிப் போடுங்கள். இரண்டு கிலோ முயலுக்கு நாளுக்கு இரண்டு கைப்பிடி கீரை தாராளம். மக்காச்சோளம் சுடும் வண்டிக்காரர் உரித்துப்போடும் பச்சைத் தோலும் இலவசம்தான், நார் மிகுந்தது. மணிகளை நீங்கள் சாப்பிடுங்கள்.

ஆட்டுக்குக் கொடுக்கிறார்களே என்று சவுண்டல் இலையை ஒடித்து வராதீர்கள். அதிலுள்ள மிமோசின் என்ற நச்சு முயலுக்கு முடியைக் கொட்டவைக்கும். இளஞ்சோளப் பயிரில் சயனைடு. மழையில்லாமல் வாடிய பயிரில் இன்னும் அதிகம். வெங்காயத் தோல், பூண்டு, உருளைக்கிழங்கு முளை, தக்காளிச் செடி, மணத்தக்காளி எல்லாம் வெளியே. “பாவம், வெறும் புல்லையே திங்குது” என்று மாரி பிஸ்கட்டை நீட்டும் பாட்டியையும் இந்தப் பட்டியலில் சேர்க்கவேண்டும். பாட்டி கையில் ஒரு கொய்யாக் குச்சியைக் கொடுத்துவிடுங்கள், இருவருக்கும் திருப்தி.

பெல்லட், அதாவது குச்சிகுச்சியாக அழுத்திய தீவனம் பற்றி. பண்ணை முயல் தீவனம் மூட்டையாக வாங்கினால் மலிவு என்று கண்டுபிடித்துச் சொல்ல ஒரு சித்தப்பா இருப்பார். ஐம்பது கிலோ மூட்டை. உங்கள் முயலுக்கு நாளைக்கு ஒன்றிரண்டு ஸ்பூன் போதும். மூட்டை வருஷக்கணக்கில் வரும். பெல்லட்டின் வைட்டமினோ மூன்று மாதத்தில் தேய ஆரம்பித்துவிடும். போதாக்குறைக்கு அது எடை ஏற்றத் தயாரித்தது, புரதம் கூட, நார் குறைவு. பையின் பின்பக்கம் பாருங்கள்: நார் 18 சதவீதத்துக்கு மேல், புரதம் 12 முதல் 14. கலர்கலராக விதையும் பொரியும் கலந்த பாக்கெட்டை எடுக்கவே வேண்டாம். முயல் இனிப்பை மட்டும் பொறுக்கிவிட்டு மீதியைத் தரைக்கு வார்க்கும்.

மழைக்காலத்துக்கு ரேஷன் கோதுமை இருக்கிறது. ஒரு கைப்பிடியை எட்டு மணி நேரம் ஊறவைத்து, அடியில் ஓட்டை போட்ட தட்டில் பரப்பி, தினம் இரண்டு முறை தண்ணீர் தெளித்தால் எட்டாம் நாள் விரற்கடை உயரத்துக்கு மேல் பசும்புல். மேலே கத்தரித்துக் கொடுங்கள். அடியில் பின்னிக்கிடக்கும் விதைப்பாயில் நம்மூர்ப் புழுக்கத்துக்கு வெள்ளைப் பூஞ்சணம் வந்திருக்கும், அது குப்பைக்கு. ஐப்பசி, கார்த்திகையில் உலர்புல்லைப் பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள். பருத்திச் சாக்கு அல்லது அட்டைப்பெட்டி, தரையில் படாமல் பலகைமேல். பெல்லட்டுக்குத்தான் காற்றுப்புகா டப்பா.

எல்லாம் தயார் செய்துவைத்தால், இதுவரை டிமோத்தி தின்று பழகிய முயல் உள்ளூர்ப் புல்லை முகர்ந்துபார்த்துத் தட்டைக் கவிழ்க்கும். மூன்று பங்கு பழசு, ஒரு பங்கு புதுசு என்று தொடங்கி, பத்து நாளில் தலைகீழாக்குங்கள். இரண்டையும் நன்றாகப் பிசிறிக் கலக்கவேண்டும். அடுக்காக வைத்தால் வெளிநாட்டுச் சரக்கை மட்டும் உருவி எடுத்துவிட்டு உங்களையே பார்க்கும். இந்த நாட்களில் காய்கறித் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள், புழுக்கையையும் பாருங்கள். ஒரு நாளைக்கு இருநூறு முந்நூறு விழும்; எண்ணவேண்டாம், பட்டாணி அளவில், உடைத்தால் உள்ளே நாராக இருந்தால் சரி. சின்னதாகி, மணிமாலைபோல முடியில் கோத்து வந்தால் புல்லையும் தண்ணீரையும் கூட்டுங்கள். பன்னிரண்டு மணி நேரம் தின்னாமலும் புழுக்கை போடாமலும் உட்கார்ந்திருந்தால், அது கோபம் இல்லை, குடல் நின்றுபோயிருக்கிறது. அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். முயல் பார்ப்பவரா என்று முன்னாடியே போனில் கேட்டுவையுங்கள்.