நனையாத கொப்பிகள்

வேலைக்கு வரும் விண்ணப்பங்களை வாசித்துத் தரம் பிரிப்பதுதான் என் உத்தியோகத்தில் பாதி. யாழ்ப்பாண நகரில் ஒரு தனியார் கந்தோரில் ஒன்பது வருடமாக இதைச் செய்கிறேன். "கடின உழைப்பாளி", "பொறுப்புணர்ச்சி மிக்கவர்" என்ற சொற்களெல்லாம் இப்போது கண்ணில் படுவதே இல்லை. அதனால், சனிக்கிழமைத் தொடர்பாடல் வகுப்பில் எங்கள் சேர், "பக்கத்தில் இருப்பவரின் சுய அறிமுகத்தை எடுங்கோ. என்ன சொல்லுறார், எதை வைச்சுச் சொல்லுறார் எண்டு பிரிச்சு எழுதுங்கோ" என்றபோது, இது நான் தினமும் செய்யும் வேலைதானே என்று அலட்சியமாக இருந்துவிட்டேன்.

சேர் காட்டிய முறை, ஸ்டீபன் டூல்மின் என்ற ஆங்கிலேய மெய்யியலாளர் 1958இல் முன்வைத்தது. கூற்று ஒன்று, அதற்குச் சான்று ஒன்று, அந்தச் சான்று இந்தக் கூற்றுக்கு எப்படிப் பொருந்துகிறது என்று சொல்லும் காரணம் ஒன்று. இன்னும் மூன்று பகுதிகள் உண்டு, அவை பிறகு. எனக்கோ பள்ளிக்கூடத்தில் படித்த மணிமேகலையின் 29ஆம் காதைதான் ஞாபகம் வந்தது. மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது, அடுக்களையில் காண்பது போல. இந்த மூன்றுக்கும் அங்கே பெயர் பக்கம், ஏது, திட்டாந்தம். கிட்டத்தட்ட அதே சமாச்சாரம்.

இதில் அந்தக் காரணம் இருக்கிறதே, அதைப் பெரும்பாலும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. எங்கள் ஊரில் சொல்லவே தேவையில்லை. வகுப்பில் ஒரு தம்பி எழும்பி, ஊரின் பெயரையும் படித்த பள்ளிக்கூடத்தின் பெயரையும் சொல்லிவிட்டு இருந்துவிட்டார். தன்னைப் பற்றி ஒரு கூற்றும் இல்லை. ஆனால் நாலைந்து தலைகள் மரியாதையாக ஆடின. கெட்டிக்காரன், நல்ல இடத்துப் பிள்ளை என்பதையெல்லாம் கேட்டவர்களே நிரப்பிக்கொண்டார்கள். இப்படி நிரப்புகிறபோது சாதியையும் சேர்த்து நிரப்புவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதையும் யாரும் சொல்வதில்லை.

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் ஓய்வுபெற்ற ரீச்சர். அவருடைய அறிமுகம் சின்னது. "நான் பொறுமையான ஆள். நெடுந்தீவில பதினொரு வருசம் படிப்பிச்சனான். குறிகட்டுவானில இருந்து படகில போய்வாறது. பிள்ளையளின்ர ஒரு கொப்பியும் ஒருநாளும் நனைஞ்சதில்லை."

நான் சட்டென்று பிரித்து எழுதினேன். கூற்று: பொறுமை. சான்று: பதினொரு வருடம். காரணம்: விரும்பியிருந்தால் மாற்றலாகி வந்திருக்கலாம், வரவில்லையே. கொப்பி வசனத்துக்கு நேரே "தேவையற்ற விபரம்" என்று குறித்தேன். விண்ணப்பங்களிலும் அப்படித்தான் குறிப்பது வழக்கம்.

ரீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பிள்ளை, நான் மூண்டு தரம் இடமாற்றம் கேட்டு எழுதினனான். தரேல்லை. வேற என்ன செய்யிறது, போனன்."

அவர் பொய் சொல்லவில்லை. பதினொரு வருடம் உண்மை. நடுவில் கயிறு கட்டியவள் நான்.

"அப்ப கொப்பி?" என்று கேட்டேன்.

அதற்குத்தான் ரீச்சர் நிமிர்ந்து இருந்தார். ஒரு மணித்தியாலக் கடல். காற்று நாட்களில் தண்ணீர் படகுக்குள் தெறிக்கும். முதல் வருடம் ஒருநாள், திருத்துவதற்கு வீட்டுக்குக் கொண்டு வந்த கட்டு முழுக்க நனைந்து மை ஊறிவிட்டதாம். பிறகு தோட்டத்து உரப்பைக்குள் இருக்கும் பொலித்தீன் உறையைக் கழுவிக் காயவைத்து, கொப்பிகளை இரண்டு சுற்றுச் சுற்றி, சைக்கிள் ரியூப் பட்டியால் இறுக்கி, கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவாராம். சொல்லும்போது கைகள் அந்தக் கட்டைக் கட்டிக் காட்டின.

"ஒருநாளும் நனையேல்லை எண்டு சொன்னீங்களே, ரீச்சர்?"

"அதுக்குப் பிறகு நனையேல்லை." கொஞ்சம் யோசித்துவிட்டு என் பேனையை வாங்கி, தன் வசனத்துக்கு முன்னால் "முதல் வருடத்தைத் தவிர" என்று தானே எழுதினார். டூல்மின் சொன்ன மற்ற மூன்றில் ஒன்று இதுதான், கூற்றுக்கு எல்லை போடுவது. சேர் அதை விளக்க அரை மணித்தியாலம் எடுத்திருந்தார்.

பொறுமையை வெட்டிவிட்டேன். கவனமான ஆள் என்று ரீச்சர் எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் சான்று முழுக்க அதற்குத்தான் இருந்தது, நான் தேவையற்றது என்று குறித்த வசனத்தில். ஒன்பது வருடத்தில் இப்படி எத்தனை உரப்பைகளுக்கு நேரே குறி போட்டுத் தள்ளியிருப்பேனோ.

பிறகு அவர் என்னுடைய அறிமுகத்தைப் பிரித்த தாளைத் தந்தார். "பாகுபாடு இல்லாமல் ஆட்களைத் தெரிவு செய்பவள்" என்று நான் எழுதியிருந்தேன். அதன் கீழே சிவப்பு மையில், கொப்பி திருத்தும் அதே உருண்டை எழுத்தில், "எப்படித் தெரியும்?" என்று இருந்தது. "ஒன்பது வருட அனுபவம்" என்று பதில் எழுதப் போய், "ஒன்பது" வரைக்கும் எழுதிவிட்டுப் பேனையை வைத்தேன்.